தாப்பிசான் கணினிக்கு ஆள் கிடைக்காதது சம்பளத்தால் மட்டுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அரசாங்க வேலைக்குத் தேர்வான ஒருவர் தன் நாற்காலியில் உட்காரும் முன் ஒரு சோதனையைத் தாண்டியாக வேண்டும். மனுப் பாரத்தில் ‘தாப்பிசான் கெசெலாமாத்தான்’, அதாவது பாதுகாப்புச் சோதனை, என்று இருக்கும். ஊரில் சுருக்கமாகத் ‘தாப்பிசான்’ என்கிறோம். ஆள் யார், எங்கே குடியிருந்தார், குடும்பத்தில் யார் யார், கடன் எவ்வளவு, போலீஸ் பதிவு உண்டா என்றெல்லாம் பார்த்து, இவர் கையில் அரசாங்கக் கோப்பைக் கொடுக்கலாமா என்று முடிவு செய்வதுதான் அந்தச் சோதனை. நம் மலேசியாவில் பிரதமர் துறையின் கீழுள்ள அரசாங்கத் தலைமைப் பாதுகாப்பு அதிகாரி அலுவலகம் இதற்குப் பொறுப்பு. பாரம் ‘இ-வெட்டிங்’ என்ற கணினி முறையில் போகிறது.

இப்படிப்பட்ட கணினி அமைப்பை எழுதவும் பராமரிக்கவும் காவல் காக்கவும் கைதேர்ந்த ஆள்களைச் சேர்ப்பது எந்த அரசாங்கத்துக்கும் எளிதாக இல்லை. ஏன் என்று கேட்டால் உடனே வரும் பதில், ‘சம்பளம் பத்தாது’. அது பாதிக் காரணம்தான். மீதிப் பாதி, எந்த வேலை முதலில், எது பிறகு என்ற வரிசையிலும், யாரை எங்கே தேடுகிறோம் என்பதிலும் இருக்கிறது. கெடாவின் பாடாங் செராய், லூனாஸ் போன்ற தோட்டப்புறப் பட்டணங்களுக்கு இதில் நேரடிச் சம்பந்தம் உண்டு என்பதால் இந்தக் கடிதத்தைச் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

முதலில், இந்தக் கணினி செய்கிற வேலை என்ன என்று பார்ப்போம். ஒரு மனு உள்ளே வந்ததும் ஆள் இவர்தானா என்று உறுதிப்படுத்த வேண்டும். நம் அடையாளக் கார்டான மைகாட்டின் எண்ணில் 12 இலக்கம். முதல் ஆறு பிறந்த தேதி, அடுத்த இரண்டு பிறந்த இடம், கெடாவுக்கு 02. கடைசி நான்கில் இறுதி இலக்கம் ஒற்றைப்படை என்றால் ஆண், இரட்டைப்படை என்றால் பெண். சிங்கப்பூர் அடையாள எண்ணின் இறுதியில், முன்னுள்ள இலக்கங்களைக் கணக்கிட்டுச் சரிபார்க்கும் எழுத்து ஒன்று உண்டு. நம் எண்ணில் அது இல்லை. அதனால் கடைசி நான்கில் ஒன்றைத் தவறாகத் தட்டினால், அது வேறு ஒருவருடைய சரியான எண்ணாகவே இருக்கக்கூடும். கணினி ஆட்சேபிக்காது. பெயரையும் சேர்த்து ஒப்பிட்டால்தான் தவறு தெரியும். பிறகு குடும்பத்தாரின் பெயர், முகவரி வரலாறு. அதன்பின் பல துறைகளின் பதிவுகளோடு ஒப்பிடுதல். ஒவ்வொரு துறையின் பதிவும் ஒவ்வொரு வடிவத்தில், ஒவ்வொரு காலத்து எழுத்துமுறையில் இருக்கும். ஒப்பிட்டதில் ‘பொருந்தலாம்’ என்று வருவதை எல்லாம் ஓர் அதிகாரி கண்ணால் பார்க்க வேண்டும். மனு தேங்குவது பெரும்பாலும் இந்தக் கடைசிப் படியில். தேங்க வைப்பது பெயரும் முகவரியும்.

தோட்டத்தில் பிள்ளை பிறந்த காலத்தில் பெயரைக் காதில் விழுந்தபடி எழுதியவர் தோட்ட எழுத்தரான கிராணி. ஆஸ்பத்திரியில் எழுதியவர் தாதி. பதிவு அலுவலகத்தில் இன்னொருவர். லெட்சுமி என்ற பெயர் ஒருவர் கையில் ‘எல், ஈ, டி, சி, எச்’ என்று தொடங்கும். வேறொருவர் கையில் ‘எல், ஏ, கே, எஸ், எச்’ என்று தொடங்கும். தாயின் அடையாளக் கார்டில் ஒன்று, மகளின் பிறப்புச் சான்றிதழில் மற்றொன்று. நம் கண்ணுக்கு இரண்டும் ஒரே லெட்சுமிதான். கணினிக்கோ இரண்டு பெண்கள்.

இதைத் தீர்க்க ஆயத்தமாகக் கிடைக்கும் முறைகள் உண்டு. ஆனால் அவற்றை அப்படியே எடுத்துப் போட்டால் நம் பெயர்களுக்கு ஒத்துவராது. ‘சவுண்டெக்ஸ்’ என்ற ஒலி முறை 1918இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றது. முதல் எழுத்தை வைத்துக்கொண்டு, உயிரெழுத்துகளை விட்டுவிட்டு, மெய்யெழுத்துகளை 1 முதல் 6 வரை எண்ணாக்கி, மூன்று இலக்கத்தோடு நிறுத்தும். முனியாண்டியை ‘ஒய்’யில் முடித்தாலும் ‘ஐ’யில் முடித்தாலும், நடுவே ஒரு ‘ஒய்’ சேர்த்தாலும் எம்-553 என்றே வரும். அதுவரை சரி. லெட்சுமிக்கு வருவது எல்-325, லக்ஷ்மிக்கு எல்-250. தாயும் மகளும் பிரிந்துவிடுகிறார்கள்.

இன்னொரு முறை, ஒரு பெயரை மற்றதாக்க எத்தனை எழுத்தை மாற்ற, சேர்க்க, நீக்க வேண்டும் என்று எண்ணுவது. முனியாண்டியின் மூன்று எழுத்துமுறைகளும் ஒன்றிரண்டு எழுத்துக்குள் அடங்கும். லெட்சுமியை லக்ஷ்மியாக்க நான்கு மாற்றம் வேண்டும். எல்லையை இரண்டில் வைத்தால் லெட்சுமி விடுபடுவார். அதே எல்லையில் குமாரும் கமாலும் ஒரே ஆளாகிவிடுவார்கள், ஏனெனில் அவர்களுக்கு இடையே உள்ளது இரண்டே எழுத்து. எல்லையை நான்காக்கினால் ராமனும் ராஜுவும்கூட ஒன்றாகிவிடுவார்கள். எல்லையை எந்தப் பக்கம் தள்ளினாலும் ஒரு பக்கம் ஓட்டை விழும். குற்றப் பதிவுள்ள யாரோ ஒரு கமாலின் கோப்பு, வேலைக்கு மனுச் செய்த குமாரின் மேசையில் வந்து நிற்கும். அதை அதிகாரி பார்த்து விலக்கும்வரை குமாரின் மனு நகராது.

பரம்பரைப் பெயர் முறையும் இடிக்கிறது. பரம்பரைப் பெயர் உள்ள நாடுகளில் எழுதிய மென்பொருள், அப்பாவுக்கும் பிள்ளைக்கும் கடைசிப் பெயர் ஒன்றாக இருக்கும் என்று எதிர்பார்க்கும். நம்மில் முனியாண்டியின் மகன் ராமன், ராமனின் மகன் குமார். மூன்று தலைமுறைக்கும் பொதுவான பெயர் கிடையாது. போதாக்குறைக்கு, இன்னாரின் மகன், மகள் என்று குறிக்கும் ‘ஏ/எல்’, ‘ஏ/பி’ என்பதில் உள்ள சாய்கோட்டைச் சில அமைப்புகள் விழுங்கிவிடும், சில ஏற்கவே மறுக்கும். பழைய பத்திரங்களில் அதுவே ‘எஸ்/ஓ’, ‘டி/ஓ’ என்று இருக்கும். இவற்றை எல்லாம் ஒப்பிடும் முன்பே கழற்றி வைத்துவிட்டு, பிள்ளை பெயர் ஒரு பெட்டியிலும் தகப்பன் பெயர் இன்னொரு பெட்டியிலும் தனித்தனியாக இருக்கும்படி செய்ய வேண்டும். பிறகு, ஒரே பெயரின் பல எழுத்துமுறைகளைக் கையால் தொகுத்த ஒரு பட்டியல் வேண்டும். பெயர் பொருந்தினாலும் பிறந்த தேதி பொருந்தாவிட்டால் பொருத்தத்துக்கான மதிப்பெண்ணைக் குறைக்க வேண்டும். புத்தகத்தைப் பார்த்து இதைச் செய்துவிட முடியாது. நிரலும் தெரிந்து, பெயரும் தெரிந்த ஆள் வேண்டும். சீன, மலாய், ஈபான், கடசான் பெயர்களுக்கும் இதே நிலைதான். அந்தந்தச் சமூகத்தில் புழங்கியவர் ஒருவர் அந்த மேசையில் இருக்க வேண்டும்.

முகவரி இன்னும் மோசம். லாடாங் (தோட்டம்) பெயர், டிவிஷன் (தோட்டப் பிரிவு), லயத்து (தொழிலாளர் வரிசை வீடு) எண். அவ்வளவுதான் முகவரி. கடிதம் எல்லாம் தோட்ட அலுவலகத்துக்கு வரும். எனவே ஒரு தோட்டத்தின் அத்தனை குடும்பங்களுக்கும் பதிவில் ஒரே முகவரி. ஒரே முகவரியில் இருப்பவர்களை ஒருவருக்கொருவர் தொடர்புள்ளவர்களாகக் கோக்கும்படி நிரல் எழுதியிருந்தால், லயத்தில் யாரோ ஒருவர் மேல் இருந்த வழக்கு பத்து வீடு தள்ளியிருந்த பையனின் கோப்பில் ‘தொடர்பு’ என்று ஏறும். பிறகு தோட்டம் கைமாறியிருக்கும், துண்டு துண்டாக விற்றிருப்பார்கள், லயத்தை இடித்திருப்பார்கள், குடும்பம் தாமானுக்கு (வீடமைப்புப் பகுதிக்கு) மாறியிருக்கும். அந்த லாடாங் பெயர் இப்போதைய வரைபடத்தில் இல்லை. அஞ்சல் குறியீடு 09400 மட்டும் மிஞ்சும். ‘முகவரியை உறுதிப்படுத்த முடியவில்லை’ என்று மனு திரும்பும். பையன் பொய் சொன்னதாகத்தான் பார்ப்பவருக்குத் தோன்றும். தோட்டப் பெயர்களின் பழைய பட்டியல் ஒன்றை, எந்தத் தோட்டம் எந்தத் தாமான் ஆனது என்ற குறிப்போடு, கணினிக்குள் வைத்துவிட்டால் இந்தச் சிக்கலில் பெரும்பகுதி தீரும். அந்த அறிவு அரசாங்க நிர்வாக நகரான புத்ராஜெயாவில் இருப்பதைவிட இங்கே தேநீர்க் கடைகளில் அதிகம் இருக்கிறது.

இனி, ஆள் சேர்ப்பதில் உள்ள முடிச்சுக்கு வருவோம்.

மற்ற துறையில் கணினி அதிகாரி ஒருவர் பார்ப்பது அந்தத் துறையின் தகவலை மட்டும். தாப்பிசான் கணினியைப் பராமரிப்பவரோ எல்லாத் துறையிலும் உள்ள அத்தனை பேருடைய கடனையும் குடும்பத்தையும் பலவீனத்தையும் பார்க்கக்கூடிய இடத்தில் இருக்கிறார். அதனால் அவருக்கு நடக்கும் சோதனை மற்றவர்களுக்கு நடப்பதைவிட ஆழமானது. நம் நாட்டில் ‘தாப்பிசான் காசார்’, ‘தாப்பிசான் ஹாலுஸ்’ என்று இரண்டு உண்டு. முன்னது மேலோட்டமான சோதனை, பின்னது நுணுக்கமானது. ரகசியக் கோப்புகளைத் தொடுகிறவர்களுக்கு ஹாலுஸ். சோதனையை வேகப்படுத்த வேண்டிய ஆளே, வேகம் குறைந்த அந்தச் சோதனையின் வரிசையில் நின்று காத்திருக்கிறார். சாவியை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு, பூட்டைத் திறக்கத் தெரிந்தவரை வாசலில் நிறுத்தி வைத்த கதை இது.

இந்த எச்சரிக்கை தேவையில்லை என்று நாங்கள் சொல்லவில்லை. அமெரிக்காவில் 2015இல் வெளிச்சத்துக்கு வந்ததைப் பார்த்தால் போதும். அங்கே மத்திய அரசின் ஊழியர் நிர்வாக அலுவலகத்துக் கணினியிலிருந்து 2 கோடியே 15 லட்சம் பேரின் பின்னணிச் சோதனை விவரங்கள் களவு போயின. அதில் ஏறத்தாழ 18 லட்சம் பேர் வேலைக்கு மனுச் செய்தவர்களே அல்லர். பெரும்பாலும் மனுச் செய்தவர்களின் கணவன், மனைவியர். 56 லட்சம் பேரின் கைரேகைகளும் போயின. கடவுச்சொல்லை மாற்றிக்கொள்ளலாம். கைரேகையை எப்படி மாற்றுவது? ஒரு குத்தகை நிறுவனத்தின் ஊழியருக்குக் கொடுத்திருந்த அனுமதியைத் திருடி அதைக் கொண்டு உள்ளே புகுந்திருந்தார்கள். கடவுச்சொல்லுக்கு மேல் இன்னொரு சோதனை வைக்கும் இரண்டாம் கட்ட உறுதிப்பாடு எல்லா இடத்திலும் இல்லை. சில பகுதிகள் மிகப் பழையவை என்பதால் தகவலைக் குறியாக்கம் செய்து வைக்கவும் முடியாத நிலை. நல்ல ஆள் இல்லாமல் பழைய கணினியை இழுத்துக்கொண்டு போனதன் விலை இது. அதற்குப் பிறகு புதிய அமைப்பு ஒன்றை 2016இல் தொடங்கினார்கள். 2019இல் அது முழுமையாக இயங்கியிருக்க வேண்டும். பல ஆண்டுகள் தள்ளிப்போனது. 2018இல் அந்நாட்டுத் தணிக்கை அமைப்பு, அரசாங்கத்தின் பாதுகாப்புச் சோதனை முறையையே ‘அதிக அபாயம்’ உள்ள பட்டியலில் வைத்தது.

பிரிட்டனும் தப்பவில்லை. பல இடங்களில் சிதறிக் கிடந்த சோதனைப் பணியை 2017 ஜனவரியில் ஒரே அமைப்பாக்கினார்கள். 2020இல் அது தற்காப்பு அமைச்சிலிருந்து அமைச்சரவை அலுவலகத்துக்கு மாறியது. சாதாரணப் பாதுகாப்பு அனுமதிக்கு 25 நாள், மிக ஆழமான சோதனைக்கு 95 நாள் என்று இலக்கு வைத்திருந்தார்கள். எட்ட முடியவில்லை. 2023 ஜனவரியில் தேசியத் தணிக்கை அலுவலகம் அதைப் பற்றித் தனி அறிக்கையே வெளியிட்டது. சோதனை முடியாமல் வேலையில் அமர முடியாதவர்களால் மற்ற துறைகளின் வேலையும் நின்றுபோகிறது என்பது அதன் சாரம். அந்நாடுகளுக்குப் பணமும் பல்கலைக்கழகங்களும் நம்மைவிட அதிகம். சம்பளத்தை மட்டும் காரணம் காட்டக்கூடாது என்று நாங்கள் சொல்வது இதை வைத்துத்தான்.

சம்பளத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 2024 டிசம்பர் 1ஆம் தேதி வந்த புதிய சம்பள முறையில் அரசாங்க ஊழியர்களில் பெரும்பாலோருக்கு முதலில் 8 விழுக்காடு, 2026 ஜனவரி 1இல் 7 விழுக்காடு உயர்வு. முன்பு எஃப்41 என்ற சம்பளத் தரத்தில் இருந்த தகவல் தொழில்நுட்ப அதிகாரி இப்போது எஃப்9. நல்லதுதான். ஆனால் அதே காலத்தில் வெளியே தேவை பன்மடங்கு கூடிவிட்டது. 2024 ஆகஸ்டு 26 முதல் நடப்பில் உள்ள இணையப் பாதுகாப்புச் சட்டம், அதாவது சட்டம் 854, வங்கி, தொலைத்தொடர்பு, சுகாதாரம், எரிசக்தி, போக்குவரத்து உள்ளிட்ட 11 துறைகளின் முக்கிய அமைப்புகள் ஆண்டுக்கு ஒரு முறையாவது அபாய மதிப்பீடும் இரண்டாண்டுக்கு ஒரு முறையாவது தணிக்கையும் செய்ய வேண்டும் என்கிறது. சம்பவம் நடந்தால் 6 மணி நேரத்துக்குள் அறிவிக்க வேண்டும். சட்டம் நல்ல சட்டம். அதை நிறைவேற்ற அத்தனை நிறுவனங்களும் தேடுவது அரசாங்கம் தேடும் அதே ஆள்களைத்தான். பாடாங் செராயிலிருந்து மோட்டாரில் அரை மணிக்குள் கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்கா. பினாங்குப் பாலம் தாண்டினால் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை. புத்ராஜெயா 350 கிலோ மீட்டருக்கு அப்பால். இரண்டு நேர்காணலில் வேலைக் கடிதம் கொடுக்கும் நிறுவனம் பக்கத்தில் இருக்கும்போது, இணையப் பதிவு, தேர்வு, நேர்காணல், அதன்பின் தாப்பிசான் என்று மாதக் கணக்கில் காத்திருக்க எந்தத் தாய் தன் மகனை விடுவார்? வீட்டில் மோட்டார் கடன் ஓடிக்கொண்டிருக்கிறது.

உள்ளே சேர்ந்த பிறகும் சிக்கல் உண்டு. வெளியே இருப்பவர்களுக்கு இது தெரிவதில்லை. ரகசியத் தகவல் உள்ள அறைக்குள் கைப்பேசி போகாது. வாசலில் பெட்டியில் வைத்துவிட வேண்டும். உள்ளே இருக்கும் கணினிக்கு இணையம் கிடையாது. இன்றைய நிரலாளர் ஒருவர் ஒரு சிறு கருவியைச் சேர்த்தால்கூட அது இன்னும் பத்து இருபது துணைக் கருவிகளை இணையத்திலிருந்து இழுக்கும். இணையம் இல்லாத அறையில் அத்தனையையும் வெளியே இறக்கி, ஒவ்வொன்றின் உள்ளடக்கத்தைக் கணக்கிட்டு வரும் எஸ்எச்ஏ-256 என்ற அடையாள எண்ணும் வெளியீட்டாளர் தந்த எண்ணும் ஒன்றுதானா என்று பார்த்து, கிருமிச் சோதனை செய்து, இரண்டு பேர் கையெழுத்திட்டு உள்ளே எடுத்துப்போக வேண்டும். ஒரே ஒரு துணைக் கருவி விடுபட்டாலும் மொத்தமும் ஓடாது. மறுநாள் மறுபடி அதே சடங்கு. இந்தக் காத்திருப்பில்தான் பாதுகாப்புத் திருத்தங்களும் தாமதமாகின்றன. ஓர் ஆண்டு இப்படிப் போனால் கெட்டிக்காரப் பிள்ளைக்குக் கை துருப்பிடித்துவிடும், கிளம்பிவிடுவான். செய்த வேலையை வெளியே காட்டவும் முடியாது. 1972ஆம் ஆண்டு அரசாங்க ரகசியச் சட்டத்தின் கீழ் கையொப்பமிட்டிருக்கிறான். மீறினால் ஓராண்டுக்குக் குறையாத, ஏழாண்டு வரையிலான சிறை. அடுத்த வேலைக்குப் போகும்போது ‘நான் எழுதியது இது’ என்று காட்ட அவன் கையில் ஒன்றும் இருக்காது.

இதற்கு வழி உண்டு. வேலையை வெளி மேசை, உள் மேசை என்று இரண்டாகப் பிரிக்கலாம். நிரல் எழுதுவதும் சோதிப்பதும் வெளி மேசையில், இணையத்தோடு. உண்மையான தகவல் இருப்பது உள் மேசையில் மட்டும். தேவையான துணைக் கருவிகளின் முழு நகலை உள்ளேயே ஒரு களஞ்சியமாக வைத்து, வாரம் ஒரு நாள் என்று குறித்துப் புதுப்பித்துவிட்டால் தினமும் சடங்கு செய்ய வேண்டியதில்லை. வெளி மேசைக்கு உண்மையான ஆள்களின் தகவல் தேவையே இல்லை. கற்பனை ஆள்களை வைத்துச் சோதிக்கலாம். இங்கே ஒரு தவறு அடிக்கடி நடக்கும்: உண்மையான கோப்புகளில் பெயரை மட்டும் அழித்துவிட்டு ‘சோதனைத் தகவல்’ என்று கொடுத்துவிடுவார்கள். அது ஆபத்து. பிறந்த தேதி, 09400, தகப்பன் தொழில் மூன்றும் இருந்தால் இந்தச் சின்ன ஊரில் ஆள் யாரென்று யாரும் சொல்லிவிடுவார்கள். கற்பனை ஆள்களை முழுக்கவே புதிதாக உருவாக்க வேண்டும். ஆனால் நம் ஊர்ப் பெயர்களின் குழப்பமெல்லாம் அவர்களிடம் இருக்க வேண்டும்: இரண்டு விதமாக எழுதிய லெட்சுமி, ஒரே முகவரியில் எண்பது குடும்பம், பெயர் மாறிய தோட்டம்.

இப்படிப் பிரித்தால் வரிசைச் சிக்கலும் தளரும். வெளி மேசையில் வேலையைத் தொடங்க காசார் போதும். பக்கத்திலேயே ஹாலுஸ் நடந்துகொண்டிருக்கும். முடிந்ததும் உள் மேசைக்குப் போகலாம். முடியாவிட்டாலும் அதுவரை செய்த வேலை வீணில்லை. இன்னும் முன்னால் போகலாம். கூலிமில் பாலிடெக்னிக் இருக்கிறது, செமிலிங்கில் எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் இருக்கிறது. கடைசிப் பருவத் தொழிற்பயிற்சிக்கு வரும்போதே விருப்பமுள்ள மாணவரின் சோதனையைத் தொடங்கிவிட்டால், பட்டம் கைக்கு வரும் நாளில் அவர் வேலைக்குத் தயார். அந்த வயதில் முகவரி வரலாறும் குறைவு, கடனும் குறைவு, சோதிப்பதும் சுலபம்.

வேலை விளம்பரமும் மாற வேண்டும். ‘தகவல் தொழில்நுட்ப அதிகாரி, எஃப்9’ என்று மட்டும் போட்டால், தரவுத்தளம் தெரிந்தவருக்கு அது தன்னைத்தான் அழைக்கிறது என்று எப்படித் தெரியும்? பெயர் ஒப்பீட்டு நிரலாளர், தரவுத்தளப் பராமரிப்பாளர், ஊடுருவல் கண்காணிப்பாளர், பாரம் வடிவமைப்பாளர் என்று வேலையின் பெயரைச் சொல்ல வேண்டும். எந்தக் கட்டடம், கைப்பேசி தடை உண்டா, வீட்டிலிருந்து வேலை செய்ய முடியுமா, சோதனை எந்த நிலை என்பதையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சேர்ந்த பிறகு அதிர்ந்து போய் விலகுவதைவிட, தெரிந்து வராமல் இருப்பது இரு பக்கத்துக்கும் நல்லது. எஃப் பிரிவு அதிகாரிகள் ஒரு துறையிலிருந்து இன்னொரு துறைக்கு மாற்றலாகிறவர்கள். பொதுவாக அது சரி. ஹாலுஸ் முடித்து, அறையின் பழக்கம் பிடித்து, பெயர்ப் பட்டியலின் நுணுக்கம் கைவந்த ஒருவரை மூன்றாம் ஆண்டில் வேறு அமைச்சுக்கு அனுப்பினால், எல்லாவற்றையும் அடுத்தவர் முதலிலிருந்து தொடங்க வேண்டும். பதவி உயர்வு வேண்டுமென்றால் நிர்வாகியாக வேண்டும் என்ற நிலையும் இங்கே பொருந்தாது. கைவேலைக்காரராகவே மேலே ஏற ஒரு படிக்கட்டு வேண்டும். வேலை முழுவதையும் குத்தகைக்கு விட்டுவிடலாம் என்பதும் தீர்வல்ல. குத்தகைக்காரரின் ஆளும் அதே சோதனையைத் தாண்ட வேண்டும். ஒப்பந்தம் முடிந்ததும் அவரோடு அறிவும் போய்விடும். குறைந்தது மூல நிரலும் அதன் விளக்கக் குறிப்பும் அரசாங்கத்துக்குச் சொந்தம் என்று ஒப்பந்தத்தில் எழுத வேண்டும்.

தோட்டப்புறப் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் சிலவற்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. நல்ல மதிப்பெண் வாங்கியவர்களின் மனுவும் தேங்குவது திறமைக் குறைவால் அல்ல, காகிதக் குறைவால்.

நிரந்தர அரசாங்க வேலைக்கு இடைநிலைப் பள்ளி முடிவில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வில் மலாய் மொழியில் கிரெடிட் (நல்ல தேர்ச்சி) வேண்டும். கணினியில் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் இதற்கு விலக்கு எதிர்பார்க்க வேண்டாம். கிரெடிட் இல்லையென்றால் அந்தப் பாடத்தை மட்டும் தனியாள் தேர்வராக மறுபடி எழுதலாம். முகவரி வரலாற்றைக் குறைந்தது பத்தாண்டுக்கு மாதத்தோடு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தோட்டம் இப்போது இல்லையென்றால், அங்கே குடியிருந்ததைக் காட்ட இரண்டு காகிதம் உதவும்: அந்தக் காலத்துப் பள்ளிச் சான்றிதழ், பெற்றோரின் ஊழியர் சேமநிதி அறிக்கை. சேமநிதிக்குப் பணம் கட்டிய முதலாளி யார், எந்த ஆண்டு என்பது அந்தக் கணக்கில் இருக்கும். தோட்டக் கம்பெனியின் பெயர் அதில் வரும். கடன் விவரத்தை பேங்க் நெகாராவின் சிசிஆர்ஐஎஸ் அறிக்கையில் இலவசமாகப் பார்க்கலாம். கடைசி 12 மாதத் தவணை கட்டிய விதம் அதில் தெரியும். அண்ணனுக்கோ மாமாவுக்கோ ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தால் அதையும் பாருங்கள். நிலுவை இருந்தால் கடன் ஆலோசனை நிறுவனமான ஏகேபிகேயில் கட்டணமில்லாமல் ஒரு திட்டம் போட்டு வாங்கலாம். கடன் இருப்பதைவிட அதை மறைப்பதுதான் சோதனையில் பெரிய குற்றமாகத் தெரியும். மறைப்பவரை வெளியாள் மிரட்ட முடியும் என்பதே காரணம். தாய்க்கோ தகப்பனுக்கோ சிவப்பு அடையாளக் கார்டு (குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிக்குரியது) என்றால் அதையும் உள்ளபடி எழுதுங்கள். அது உங்கள் குற்றம் இல்லை, எழுதாமல் விட்டால்தான் கேள்வி வரும். இந்த வேலைக்கு மனுச் செய்திருப்பதைச் சமூக வலைத்தளத்தில் போட வேண்டாம்.

பெயர் வித்தியாசம் இருந்தால், இரண்டு எழுத்துமுறையும் ஒரே ஆளைக் குறிக்கிறது என்று சத்தியப் பிரமாண ஆணையர் முன்னிலையில் ஒரு சட்டப் பிரகடனம் செய்து வைத்துக்கொள்ளுங்கள். பிழை உங்கள் சொந்தப் பதிவிலேயே இருந்தால் தேசியப் பதிவிலாகாவான ஜேபிஎன் அலுவலகத்தில் திருத்தத்துக்கு மனுச் செய்யுங்கள். வேலை கிடைத்த பிறகு ஓடுவதைவிடப் படிக்கும் காலத்திலேயே செய்வது நல்லது. தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர்களும் ஆலய நிர்வாகங்களும் பள்ளி விடுமுறையில் ஒரு சனிக்கிழமை இதற்கென்று மேசை போட்டு உட்காரலாம். பிள்ளையின் மைகாட், பிறப்புச் சான்றிதழ், எஸ்.பி.எம். சான்றிதழ், தாய் தகப்பனின் அடையாளக் கார்டு, இந்த ஐந்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாகப் படிக்க ஒரு குடும்பத்துக்கு அரை மணி நேரம் ஆகும்.

இப்படிக்கு,
தகவல் தொழில்நுட்பப் பணியாளர்கள், பயிற்றுநர்கள் சிலர்,
பாடாங் செராய், கெடா.